இல்லாத விதியும் பேரிக்காய்ச் சாறும்

மூ சின்யூவுக்கு அந்த வருடம் வேலை போகும் நிலைமை வந்ததற்குக் காரணம், அவள் ஒருத்தியிடம் நன்றாக நடந்துகொண்டதுதான்.

செங்டுவின் பெரிய மால் ஒன்றில், தரைத்தளத்தில், ஓர் இத்தாலியக் கம்பெனியின் கடையில் பதினோரு வருடமாகக் கைப்பை விற்றுக்கொண்டிருந்தாள் சின்யூ. வயது முப்பத்தைந்து. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் சைவம் சாப்பிட்டு, வேலைக்குப் போகிற வழியில் வென்ஷூ கோயிலில் மூன்று ஊதுபத்தி ஏற்றுவாள். பொய் சொல்லக் கூடாது என்பது புத்தர் முன்னால் அவள் எடுத்துக்கொண்ட ஐந்து விரதங்களில் ஒன்று. கைப்பை விற்கிற இடத்தில் அதைக் காப்பாற்ற அவள் கண்டுபிடித்த வழி, முடிந்தவரை பேசாமல் இருப்பது. வாடிக்கையாளர்கள் அதைப் பெரிய கடையின் கௌரவம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

கடையில் எல்லோரும் கேட்பது படகுப் பை. அடிப்பக்கம் சின்னப் படகு போல வளைந்திருப்பதால் அந்தப் பெயர். அதைக் காசு கொடுத்து நேராக வாங்கிவிட முடியாது. முதலில் தட்டு, போர்வை, இடுப்புப் பட்டை, சாம்பல் கிண்ணம் என்று பையின் விலைக்குச் சமமாக வேறு சாமான்களை வாங்க வேண்டும். இவற்றுக்குத் துணைச் சரக்கு என்று பெயர். போதுமான துணைச் சரக்கு சேர்ந்த பிறகு, ஒருநாள் போன் வரும், வராமலும் போகலாம். அப்படி ஒரு விதி கம்பெனியில் கிடையாது. எழுத்தில் கிடையாது, இணையதளத்தில் கிடையாது, யாராவது கேட்டால் நிச்சயமாகக் கிடையாது. கடையில் மட்டும் இருந்தது.

ஜனவரியில் சின்யூவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. மழைக்கு ஒதுங்கி உள்ளே வந்த ஒரு பெண் கையில் கற்கண்டு போட்டுக் காய்ச்சிய பேரிக்காய்ச் சாறு இரண்டு கோப்பை வைத்திருந்தாள். ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று சாறு விற்கிற இடத்தில் கொடுத்திருக்கிறார்கள். சின்யூ இருமியதைக் கேட்டு ஒரு கோப்பையைக் கவுன்ட்டரில் வைத்துவிட்டு, லிஃப்ட் எந்தப் பக்கம் என்று விசாரித்துக்கொண்டு போய்விட்டாள். பத்து நாள் கழித்துக் கழுத்துத் துணி பார்க்க அதே பெண் வந்தபோது, உள்ளே ஒரு படகுப் பை கிடந்தது. பாசி நிறம். வரிசையில் இருந்த மூன்று பேர் அந்த நிறத்தைப் பார்த்து வேண்டாம் என்றிருந்தார்கள். சின்யூ, இப்படி ஒன்று இருக்கிறது, வேண்டுமா என்று கேட்டாள். அந்தப் பெண் வாங்கிக்கொண்டாள். நடந்தது இவ்வளவுதான்.

அந்தப் பெண் பெயர் நிங்நிங் என்பதும், அவள் எதைத் தோளில் மாட்டினாலும் அதைப் பார்ப்பதற்கு எட்டு லட்சம் பேர் இருக்கிறார்கள் என்பதும் சின்யூவுக்குத் தெரியாது. பார்க்கிறவர்கள் மனதில் ஒரு பொருள் மேல் ஆசையைக் கிளப்பிவிடுவதை இளசுகள் புல் நடுவது என்பார்கள். நிங்நிங் நடுவதில் கெட்டிக்காரி. துணைச் சரக்கு ஒன்றுகூட வாங்காமல் படகுப் பை வாங்கினேன், ஒரே ஒரு கோப்பை போதும் என்று அவள் போட்ட வீடியோவில் சின்யூவின் முகம் இல்லை. ஆனால் கவுன்ட்டரின் மூலையும், சட்டையில் குத்திய பெயர் அட்டையும், இருமலும் இருந்தன.

மறுநாள் பதினொரு பெண்கள் பேரிக்காய்ச் சாற்றோடு வந்தார்கள். சனிக்கிழமை அறுபது பேர். எல்லோருக்கும் இருபதிலிருந்து இருபத்தைந்துக்குள் வயது. எல்லோரும் கோப்பையைக் கவுன்ட்டரில் அதே மூலையில் வைத்து, "அக்கா, தொண்டை எப்படி இருக்கு?" என்று கேட்டார்கள். தொண்டை சரியாகி மூன்று வாரம் ஆகியிருந்தது. சின்யூ உண்மையைச் சொன்னாள். அவர்கள் முகம் வாடிவிட்டது.

சாற்றைக் கொட்ட அவளுக்கு மனம் வரவில்லை. வாசல் காவலர் வெய்க்கும், தரை துடைக்கும் அம்மாக்களுக்கும், மழையில் நனைந்தபடி பார்சலுக்குக் காத்திருந்த டெலிவரிக்காரர்களுக்கும் கொடுத்தாள். ஒரு கோப்பைச் சூட்டை இன்னொருவர் கையில் வைக்கும்போது, முதலில் கொடுத்தவரின் நோக்கம் அதற்குள் கரைந்து வருவதில்லை. வாங்கியவர்களுக்கு இனிப்பாகத்தான் இருந்தது. அந்தக் குளிர்காலத்தில் அந்த மாலில் யாரும் இருமவில்லை.

"அக்கா, உங்க தொண்டை நல்லாயிடுச்சுன்னு வெளிய சொல்லிடாதீங்க," என்றார் வெய். "பேஸ்மென்ட்ல சாறு விக்கிறவன் புதுசா ரெண்டு ஆளைச் சேத்திருக்கான். அவங்க பொழப்புல மண்ணு விழுந்துடும்."

மூன்றாவது வாரம் ஷாங்காய் தலைமை அலுவலகத்திலிருந்து மேனேஜர் தாங்குக்குக் கடிதம் வந்தது. செங்டு கடையில் ஊழியர் ஒருவர் பானங்களைப் பெற்றுக்கொண்டு பை விற்பதாகக் கேள்விப்படுகிறோம். ஓர் ஆய்வாளர் வாடிக்கையாளர் போல வந்து பார்ப்பார். எப்போது, யார் என்று சொல்லப்படாது. குறைபாடு உறுதியானால் அந்த ஊழியர் வேலையில் நீடிக்க மாட்டார்.

தாங் கெட்டவரில்லை. இரண்டு வருடத்தில் ஓய்வு பெறப்போகிறவர்; அதுவரை எதுவும் நடக்காமல் இருந்தால் போதும் என்று நினைப்பவர். கடை திறப்பதற்கு முன் எல்லோரையும் நிற்க வைத்துப் பேசினார். இனிமேல் யாரும் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வாங்கக் கூடாது. துணைச் சரக்கு பற்றிக் கேட்டால் அப்படி ஒரு விதி கிடையாது என்று சொல்ல வேண்டும்.

"அப்புறம் இன்னொண்ணு," என்றார். "இல்லாத விதிதான். ஆனா அதை யாரும் மீறக் கூடாது."

யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிப்புக்காகச் சொல்லவில்லை.

சின்யூவுக்கு அந்த வேலை வேண்டும். அவள் கணவன் நடத்திய நூடுல்ஸ் கடை போன வருடம் மூடிவிட்டது; இப்போது வாடகைக் கார் ஓட்டுகிறான். மகள் இரண்டாம் வகுப்பு. அவள் யோசித்துப் பார்த்து, பை விற்ற ரசீதில் இருந்த நம்பரை எடுத்து நிங்நிங்குக்குப் போன் செய்தாள். உள்ளதை உள்ளபடி ஒரு வீடியோவில் சொல்லிவிடு, இந்தப் பெண்கள் வருவது நின்றுவிடும் என்று கேட்டுக்கொண்டாள்.

"அக்கா, நான் உங்களைப் புகழ்ந்துதானே போட்டேன்," என்றாள் நிங்நிங். "சும்மா கெடச்ச கோப்பையைத்தான் குடுத்தேன்னு சொன்னா, அதுல என்ன விஷயம் இருக்கு? யார் பாப்பா?"

ஆனால் அவளுக்கும் மனசு உறுத்தியிருக்க வேண்டும். இரண்டு நாள் கழித்து, மேக்கப் இல்லாமல் உட்கார்ந்து உண்மையைச் சொன்னாள். நான் எதையும் எதிர்பார்க்கவில்லை. இரண்டாவது கோப்பை இலவசமாக வந்தது. பை வந்தது தற்செயல். தயவு செய்து அன்பைத் தந்திரமாக ஆக்காதீர்கள் என்று சொல்லும்போது அவள் கண்கள் கலங்கின. அந்த வீடியோவை முதல் வீடியோவைவிட மூன்று மடங்கு பேர் பார்த்தார்கள்.

மறுநாளிலிருந்து பெண்கள் இரண்டு கையிலும் ஒவ்வொரு கோப்பையோடு வந்தார்கள்.

"ஒண்ணு வாங்குனா ஒண்ணு சும்மா குடுத்தாங்க அக்கா. நான் எதையும் எதிர்பாக்கல," என்று சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் எதையும் எதிர்பார்க்காமல் அங்கேயே நின்றார்கள். சிலர் லிஃப்ட் எந்தப் பக்கம் என்றும் கேட்டார்கள். விவரம் தெரிந்தவர்கள் போய்விட்டுப் பத்து நாள் கழித்து வந்தார்கள்.

ஊழியர்கள் யாரும் கோப்பையைத் தொடவில்லை. ஆய்வாளர் யாராகவும் இருக்கலாம். வந்தவர்களின் செருப்பைப் பார்த்தார்கள், நகத்தைப் பார்த்தார்கள், ஷாங்காய்க்காரர்கள் மாதிரிப் பேசுகிறார்களா என்று காது கொடுத்தார்கள். ஒருத்தி நல்ல வெளியூர்ப் பேச்சில் பேசினாள் என்று ஐந்து பேர் சேர்ந்து உபசரித்து வழியனுப்பினார்கள். அவள் கழிப்பறை எங்கே என்று கேட்க வந்தவள்.

ஒரு வியாழக்கிழமை காலை, மழை தூறிக்கொண்டிருந்தபோது, கறுப்புக் கோட்டு போட்ட ஒரு சின்னப் பெண் கையில் நோட்டுப் புத்தகத்தோடு வந்தாள். பதினைந்து நிமிடம் யாரிடமும் பேசாமல் கடையைச் சுற்றினாள். ஒவ்வொரு சாமான் முன்னாலும் நின்று நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தாள். போர்வை மாட்டியிருந்த இடத்திலிருந்து தாங் சின்யூவுக்குக் கண்ணால் சாடை காட்டினார். இவள்தான். கடை முழுக்க அதே முடிவுக்கு வந்தது. அந்த நேரம் கவுன்ட்டர் பக்கத்தில் இரண்டு கோப்பையோடு எதையும் எதிர்பார்க்காமல் நின்றிருந்த இன்னொருத்தியை யாரும் கவனிக்கவில்லை. சின்யூ மட்டும் அவளிடம் ஒரு நாற்காலியைத் தள்ளி, "உக்காரும்மா. ஆறிடப் போகுது, நீயே குடிச்சிடு," என்றாள்.

நோட்டுப் புத்தகப் பெண் கடைசியில் சின்யூவிடம் வந்தாள். பெயர் பூ லான், நான்சோங்கிலிருந்து காலை ரயிலில் வருகிறேன் என்றாள். ஒரு போர்வை, நான்கு தட்டுகள், ஒரு சாம்பல் கிண்ணம் ஆகியவற்றை எடுத்து கவுன்ட்டரில் வைத்தாள். போர்வையை வைக்கும்போது நோட்டுப் புத்தகம் கீழே விழுந்து திறந்துகொண்டது. சின்யூ குனிந்து எடுத்தாள். அதில், வெள்ளைச் செருப்பு வேண்டாம், தொண்டை பற்றிக் கேட்க வேண்டும், பையைப் பற்றி முதலில் பேசக் கூடாது, சிரிக்க வேண்டும் என்று வரிசையாக எழுதியிருந்தது. சிரிக்க வேண்டும் என்பதற்கு அடியில் கோடு போட்டிருந்தது. ஒன்று, இவள் ஆய்வாளர் இல்லை. இல்லாவிட்டால், மிகக் கெட்டிக்கார ஆய்வாளர். சின்யூவால் முடிவு செய்ய முடியவில்லை.

"உங்க தொண்டை எப்படி இருக்கு அக்கா?" என்று கேட்டுவிட்டு பூ லான் சிரித்தாள். பிறகு பொறுக்க முடியாமல், "இவ்வளவும் எடுத்தா பை குடுத்துடுவீங்கதானே?" என்றாள்.

இதற்குச் சொல்ல வேண்டிய பதில் சின்யூவுக்கு மனப்பாடம். அப்படி ஒரு விதி எங்கள் கம்பெனியில் இல்லை. இந்தத் தட்டுகள் மிக அழகானவை. பதினோரு வருடமாக அவள் இந்த இரண்டு வாக்கியத்தில்தான் காலம் தள்ளியிருந்தாள். முதல் வாக்கியம் கம்பெனி சொன்னது, தான் திருப்பிச் சொல்வது மட்டுமே என்று வென்ஷூ கோயிலில் ஒருமுறை மனதுக்குள் விளக்கம் சொல்லியும் இருந்தாள். புத்தர் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. அவள் அதைச் சம்மதம் என்று வைத்துக்கொண்டாள்.

வாயைத் திறந்தவள், பதிலுக்குப் பதிலாக, "வீட்டுல யாராவது சிகரெட் குடிப்பாங்களா?" என்று கேட்டாள்.

"இல்ல அக்கா. அதுல சாவி போட்டு வெக்கலாம்னு நிங்நிங் பழைய வீடியோ ஒண்ணுல சொன்னாங்க."

"தட்டு?"

பூ லான் கொஞ்சம் தயங்கினாள். ஒரு பல் ஆஸ்பத்திரியின் வரவேற்பில் வேலை பார்க்கிறாள். அங்கே பதினான்கு பெண்கள், எல்லோரும் நிங்நிங்கைப் பார்ப்பவர்கள். புத்தாண்டுப் போனஸை ஒன்றாகப் போட்டு, இவளுக்கு லீவு வாங்கிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். பை கிடைத்தால் ஆளுக்கு ஒரு நாள் மாட்டிக்கொள்வதாக முறை போட்டிருக்கிறார்கள். யாருக்குக் கல்யாணமோ அவளுக்கு மூன்று நாள்.

"நாலு தட்டைப் பதினாலு பேர் எப்படிப் பங்கு போடுவீங்க?" என்றாள் சின்யூ.

"அதை யோசிக்கல. சாம்பல் கிண்ணத்தை டாக்டருக்குக் குடுத்துடலாம்."

சின்யூ தட்டுகளைப் பார்த்தாள். பிறகு போர்வைகளுக்கு நடுவே நின்ற தாங்கைப் பார்த்தாள். அவர் தலையை மிக மெதுவாக இடமும் வலமும் ஆட்டினார். இவள் ஆய்வாளராக இருந்தால் இன்றைக்கே முடிந்தது. இல்லாவிட்டால் பதினான்கு பேரின் போனஸ் ஒரு சாம்பல் கிண்ணத்தில் முடியப்போகிறது. வேலையை நினைத்தாள், மகளை நினைத்தாள். இரண்டையும் நினைத்த பிறகும் அந்த இரண்டு வாக்கியமும் வாயில் வரவில்லை.

"தங்கச்சி, நான் சொல்றதைக் கேளு," என்றாள். "விதி இருக்கு. ஆனா இதையெல்லாம் நீ வாங்கினாலும் இந்த வருஷம் பை வராது. உனக்கு முன்னாடி நூத்தி எழுபது பேர் நிக்கறாங்க. அவங்க வீட்டுல எல்லாம் சாம்பல் கிண்ணம் இருக்கு. போனஸை எடுத்துட்டு ஊருக்குப் போ."

பூ லான் சாம்பல் கிண்ணத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்தாள். "அப்ப நிங்நிங்குக்கு மட்டும் எப்படிக் கெடச்சுது?" என்றாள்.

"அந்தக் கலர் யாருக்கும் பிடிக்கல. அவ சாறு குடுத்தா, எனக்கு சந்தோஷமா இருந்துச்சு. ரெண்டும் ஒண்ணா வந்துச்சு, அவ்வளவுதான். அது வழி இல்லம்மா. அதுல இன்னொருத்தர் நடந்து வர முடியாது."

பூ லான் அழுதுவிடுவாள் என்று சின்யூ நினைத்தாள். அவள் தோள்பையிலிருந்து ஒரு பிளாஸ்கை எடுத்தாள். கடையில் வாங்கியதில்லை, விடியற்காலை எழுந்து வீட்டில் காய்ச்சியது. பேரிக்காயோடு ஆஸ்பத்திரி மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய இருமல் வேர்ப் பொடியும் போட்டிருக்கிறாள்.

"இதை இப்ப என்ன பண்றது?" என்று கேட்டாள். அதில் தந்திரம் எதுவும் மிச்சம் இல்லை. அவளுக்கு நிஜமாகவே தெரியவில்லை.

"குடு," என்றாள் சின்யூ.

பிளாஸ்க் மூடியில் ஊற்றி, கண்ணாடிக் கவுன்ட்டருக்குப் பின்னால் நின்றபடி, கடையில் எல்லோரும் பார்க்க, கடைசிச் சொட்டு வரை குடித்தாள். வேர்ப் பொடி கசந்தது. நன்றாக இருக்கிறது என்று சொல்லாமல், சூடாக இருக்கிறது என்றாள். இல்லாத விதியை இருக்கிறது என்று சொன்னது ஒன்று, இருக்கிற விதியை மீறியது ஒன்று. ஐந்து நிமிடத்தில் இரண்டும் ஆகிவிட்டன.

பூ லான் தட்டுகளைத் தானே எடுத்துப் பழைய இடத்தில் வைத்துவிட்டு, நன்றி சொல்லிப் போனாள். வாசலில் நின்று கண்ணாடி ஜன்னலுக்குள் இருந்த படகுப் பையோடு தன்னைப் போட்டோ எடுத்துக்கொண்டாள். வெய் அவளுக்காகக் குடையைப் பிடித்தார். ஆய்வாளர்கள் அப்படிப் போட்டோ எடுக்க மாட்டார்கள் என்று தாங்குக்குத் தெரியும். போர்வையைப் பிடித்துக்கொண்டிருந்த கையை அப்போதுதான் எடுத்தார்.

நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெண் காலிக் கோப்பைகள் இரண்டையும் ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிவிட்டு எழுந்து வந்து, தன் அடையாள அட்டையைக் காட்டினாள். ஷாங்காய் தலைமை அலுவலகம். பெயர் சியா.

பின்அறையில் அவள் படிவத்தை விரித்து வைத்தாள். இருபத்தாறு வயது இருக்கும். முதல் பக்கம் சுலபமாக நிரம்பியது. அன்பளிப்பு பெற்றாரா: ஆம், பிளாஸ்க் மூடி ஒன்று. இரண்டாம் பக்கத்தில் பேனா நின்றுவிட்டது. விதி இருப்பதாக ஊழியர் ஒப்புக்கொண்டாரா என்று படிவத்தில் கேள்வி இல்லை, ஏனென்றால் விதி இல்லை. வாங்க வந்தவரை வாங்காமல் அனுப்பினாரா என்றும் கேள்வி இல்லை, ஏனென்றால் அதுவரை யாரும் அப்படிச் செய்ததில்லை. இதை எங்கே எழுதுவது என்று சியா உரக்க யோசித்தாள். எங்காவது எழுதுங்கள், நடந்ததுதானே என்றாள் சின்யூ.

"எழுதினா உங்க வேலை போயிடும் அக்கா," என்றாள் சியா. படிவத்தைவிட்டுத் தலையைத் தூக்கவில்லை.

"எழுதலைன்னா உங்க வேலை போயிடுமே. மேனேஜர் பாத்தாரு, எல்லாரும் பாத்தாங்க. எழுதுங்க."

சியா எழுதினாள். ஒன்றையும் விடவில்லை. முடித்த பிறகு, இதர குறிப்புகள் என்று யாரும் எப்போதும் நிரப்பாத ஒரு கட்டம் கடைசியில் இருந்தது. அதில் இன்னும் ஒரு வரி சேர்த்தாள். இந்த ஊழியர் விற்பனைக்குப் பொருந்த மாட்டார். எதையும் விற்க வேண்டாத இடம் இருந்தால் அங்கே வைத்துக்கொள்ளலாம்.

கம்பெனியில் அப்படி ஓர் இடம் இருந்தது. மாலின் நான்காவது மாடியில், பழுது பார்க்கும் பிரிவு. பத்து நாளில் உத்தரவு வந்தது. சம்பளம் உண்டு, விற்பனைக் கமிஷன் கிடையாது. இரவில் இன்னும் இரண்டு மணி நேரம் கார் ஓட்டினால் சரியாகிவிடும் என்றான் கணவன். வேலை போய்விட்டது என்று எண்ணித்தான் அவன் அந்தப் பத்து நாளும் சரியாகத் தூங்காமல் இருந்திருக்கிறான். தாங் ஒரு போர்வையைப் பரிசாகக் கொடுக்கப் பார்த்தார். அது விதிக்கு விரோதம் என்று அவருக்கே நினைவு வந்து வைத்துவிட்டார். பேரிக்காய்ப் பெண்கள் வருவதும் நின்றது. சோங்சிங்கில் கடைக்காரிக்குக் குடை கொடுத்த யாரோ ஒருத்திக்குக் கடிகாரம் கிடைத்ததாம். அங்கே குடை விலை ஏறியிருந்தது.

நான்காவது மாடியில் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, வெந்நீர்க் குடுவை, காகிதக் கோப்பைகள். கண்ணாடிப் பெட்டி ஒன்றுகூட இல்லை. முதல் நாள், பௌர்ணமி, கோயிலுக்குப் போய்விட்டு வந்து உட்கார்ந்தாள் சின்யூ. பத்து மணிக்கு ஒரு பெண் வந்தாள். கையில் இருந்த பையின் பிடியை அவள் நாய் கடித்துக் குதறியிருந்தது. எட்டு மாதம் காத்திருந்து வாங்கிய பை என்றாள்.

சின்யூ பையை வாங்கிப் பார்த்துவிட்டு, மூன்று வாரத்தில் புதுப் பிடி போட்டுவிடலாம் என்றாள். அந்தப் பெண் நம்பவில்லை. அறையைச் சுற்றிப் பார்த்தாள். வாங்குவதற்கு எதுவும் கண்ணில் படவில்லை. அது அவளை இன்னும் கவலைப்படுத்தியது. சின்யூ ஒரு கோப்பை வெந்நீர் ஊற்றி அவள் முன்னால் வைத்தாள்.

"இதுக்கு முன்னாடி நான் ஏதாவது வாங்கணுமா?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"இல்ல."

"பின்னாடி?"

"பின்னாடியும் இல்ல. குடிங்க, ஆறிடும்."

அந்தப் பெண் கோப்பையை எடுத்து, நின்றபடியே ஒரு வாய் குடித்தாள். சின்யூ படிவத்தில், கடித்தது நாய் என்று எழுதிக்கொண்டிருந்தாள். பாதிக் கோப்பை குடித்த பிறகு அந்தப் பெண் உட்கார்ந்தாள்.